பூக்காரம்மா மேல் ஏன் கோபம்?

கேள்வி: டீக்கடை, பருத்திப்பால் வண்டி, கோயில் வாசல் பூக்காரம்மா வரை எல்லாரும் ஓர் அட்டையைக் காட்டி “ஸ்கேன் பண்ணுங்க” என்கிறார்கள். ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் முகம் சுளிக்கிறார்கள். பேங்குக்குப் போனால் “ஏ.டி.எம்.ல எடுத்துக்கங்க சார்” என்று திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு வயது 71. மாற்றம் என்றாலே கைதட்டும் பத்திரிகைக்காரர்களே, இது நல்ல மாற்றமா, கெட்ட மாற்றமா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருநகர், மதுரை

பதில்: ஒரே வார்த்தையில் தர மாட்டேன், ஐயா. நீங்கள் மூன்று புகார்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். பூக்காரம்மா அட்டை வைத்திருப்பது நல்லது. நோட்டைக் கண்டு முகம் சுளிப்பதற்குப் பெரும்பாலும் சில்லறைத் தட்டுப்பாடுதான் காரணம். பேங்க் கவுண்டரில் உங்களைத் திருப்பி அனுப்புவது அநியாயம். கடிதம் முழுக்க நீங்கள் கோபப்பட்டிருப்பது முதல் ஆளிடம். கோபப்பட வேண்டியது மூன்றாவது இடத்தில்.

பூக்காரம்மாவின் கணக்கைப் பாருங்கள். விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அன்றைய விலைக்கு மல்லிகை எடுக்கிறார். முகூர்த்த நாளிலும் பனிக்காலத்திலும் அந்த விலை கிலோ ஆயிரங்களுக்கு ஏறும். கட்டிய பூ ராத்திரிக்குள் விற்றாக வேண்டும்; மறுநாள் அதற்கு விலை கிடையாது. ஒரு முழம் கேட்டு ஐநூறு ரூபாயை நீட்டுகிறவரிடம் சில்லறை இல்லாமல் போனால் ஒரு வியாபாரம் போகிறது. அந்த அட்டை வந்தபின் இந்த நஷ்டம் குறைந்திருக்கிறது. போன் வழியே ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் யுபிஐ 2016இல் வந்தது. 2020 ஜனவரி முதல் யுபிஐ மூலம் வாங்கும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்றாகிவிட்டது. கணக்கிலிருந்து நேரே போகும் பணத்துக்கு “ஜிபே பண்ணினா ரெண்டு ரூபா கூட” என்று எந்தக் கடையிலாவது கேட்டால், கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு லாபம் கண்ணுக்குத் தெரியாது. கணக்கில் தினமும் விழும் முப்பதும் அறுபதும் அவருடைய வியாபாரத்துக்கு எழுத்தில் சாட்சி. சாலையோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடனில் முதல் தவணை 2020இல் 10,000 ரூபாயாக இருந்தது. 2025இல் 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, அதற்கடுத்தது 50,000. வட்டியில் 7 சதவீதம் மானியம். டிஜிட்டலில் பணம் வாங்கினால் கொஞ்சம் கேஷ்பேக்கும் உண்டு. காலையில் தண்டல்காரரிடம் கைநீட்டி, சாயங்காலம் வட்டியோடு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. அவர் அட்டை மாட்டியது உங்களை அவமதிக்க அல்ல.

அவர் பக்கமும் ஏமாறும் இடங்கள் உண்டு. கேட்டால் சொல்லிக்கொடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக அட்டையின் மேல் வேறொருவரின் க்யூஆர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். பணம் யாருக்கோ போகும். காலையில் கடை விரித்ததும் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்து, வேறொரு போனில் ஸ்கேன் செய்து தன் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சை டிக் காட்டும் போலி ஆப்களும் இருக்கின்றன; பூ வாங்குகிறவர் நீட்டும் திரையை நம்பக் கூடாது. பணம் வந்ததைக் குரலில் அறிவிக்கும் பெட்டி தொகையைச் சொல்ல வேண்டும், அல்லது சொந்த ஆப்பில் பணம் வந்த வரி தெரிய வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. சிக்னல் விட்டுப்போனால் தாமதமாகப் பேசும், சார்ஜ் இறங்கினால் பேசவே பேசாது. கூட்ட நேரத்தில் இதைச் சாக்காக வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள்.

இனி உங்கள் விஷயம். பென்ஷன் விழும் கணக்கைப் போனில் இணைக்காதீர்கள். வேறொரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதில் மாதச் செலவுக்கு மட்டும் இரண்டாயிரமோ மூவாயிரமோ போட்டு, அதை மட்டும் யுபிஐயில் இணையுங்கள். ஒரே மொபைல் எண் இரண்டு கணக்கிலும் இருந்தாலும் எதை இணைப்பது என்பது உங்கள் விருப்பம். பின் நம்பரை நீங்களே போடுங்கள். பேரன் போட்டுக் கொடுத்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதித் தேதியும் இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே மாற்றலாம்.

டீக்கும் பஜ்ஜிக்கும் யுபிஐ லைட் போதும்; ஆப்பிலேயே இருக்கும் சின்னப் பணப்பை அது. அதில் 5,000 ரூபாய் வரை ஏற்றி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் இல்லாமலே போகும். பாஸ்புக்கில் பதினைந்து ரூபாய் டீ வரி வரியாக ஏறிப் பக்கத்தை நிரப்புவதும் நிற்கும். ஆனால் பின் கேட்காது என்பதால் போன் தொலைந்தால் அந்தப் பணத்துக்குக் காவல் போனின் பூட்டு மட்டும்தான். ஐந்நூறுக்கு மேல் ஏற்றாமலிருப்பது நல்லது. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது: *99# அடித்தால் இணையம் இல்லாமலே பணம் அனுப்பலாம்.

ஒன்றை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள்: பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது “உங்களுக்குப் பணம் வருது, பின் போடுங்க” என்றால், போவது உங்கள் பணம். இந்த வழியில் பலர் ஏமாந்ததால்தான் தனிநபருக்குத் தனிநபர் ‘பணம் கேட்டு அனுப்பும்’ வசதியை 2025 அக்டோபரில் நிறுத்தினார்கள். “இன்று இரவு கரண்ட் துண்டிக்கப்படும், இந்த நம்பருக்குப் பேசவும்” என்று வரும் குறுஞ்செய்தியும் அதே ரகம். கட்டிய பில்லின் ரசீதைப் பாருங்கள், அந்த நம்பருக்குப் பேசாதீர்கள்.

பணம் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. இது அடிக்கடி நடக்கிறது. அந்த இடத்தில் சண்டை வேண்டாம். ஆப்பில் அந்த வரியைத் தொட்டால் 12 இலக்க எண் ஒன்று தெரியும், அதைக் குறித்துக்கொண்டு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவுப்படி, கடைக்குப் போகாத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தனி ஆளுக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. பல பேருக்கு இது தெரியாததால் கேட்பதே இல்லை.

திருட்டே நடந்துவிட்டால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள். பிள்ளைகள் வரட்டும், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள்; பணம் கணக்கு கணக்காகத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீளும். அடுத்து பேங்குக்குச் சொல்லுங்கள். உங்கள் மேலும் பேங்க் மேலும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்களுடையது அல்ல என்று 2017 விதி சொல்கிறது. நீங்களே பின்னையோ ஓடிபியையோ சொல்லிவிட்டிருந்தால், புகார் செய்யும் நிமிடம் வரை போனது உங்கள் பொறுப்பு. அதனால்தான் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது.

சரி, நோட்டு. பையில் ரொக்கம் வைத்திருக்கும் உங்கள் பழக்கத்தை யார் சொன்னாலும் விடாதீர்கள். 2018 முதல் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. போனை வெளியே கொடுத்துவிட்டுப் போகிறவர் கையில் காசு இல்லையென்றால் உண்டியலுக்கு முன் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் லட்சக்கணக்கான போன்கள் ஒரே டவரை இழுக்கும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பணம் போகாது. ஐநூறாக வைத்திருக்காமல் பத்து, இருபது, ஐம்பதாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், முகச்சுளிப்பு பாதி குறைந்துவிடும். பத்து ரூபாய் நாணயத்தை “செல்லாது” என்று தள்ளிவிடுகிறவர்களிடம் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெவ்வேறு டிசைனில் வந்த பதினான்கு வகையும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்திருக்கிறது. சந்தேகப்படுகிறவரை 14440க்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள், திரும்ப அழைத்து பதிவுக்குரலே விளக்கம் சொல்லும்.

“ரொக்கம் வாங்குவதில்லை” என்று எழுதி ஒட்டும் பெரிய கடைகளிடம் எனக்கு இரக்கம் இல்லை. பெட்டிக்கடைக்காரர் சில்லறைக்குத் திண்டாடுவதும், ஆளும் கல்லாவும் உள்ள கடை கணக்குப் பார்க்கச் சோம்பி நோட்டை மறுப்பதும் ஒன்றல்ல. அங்கே சாமான் எடுக்குமுன் கேளுங்கள். இல்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள்.

இனி, உண்மையான அநியாயத்துக்கு வருகிறேன். உங்கள் சொந்தப் பணத்தைச் சொந்தக் கணக்கிலிருந்து கவுண்டரில் கேட்கிறீர்கள், ஏ.டி.எம். போகச் சொல்கிறார்கள். அங்கே சொந்த பேங்க் என்றாலும் மாதம் ஐந்து முறைதான் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம். மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவுண்டர் அல்லது முன்னுரிமை தர வேண்டும், 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கவும் வாங்கவும் வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. உங்களுக்கு 71. நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

ஆகவே கவுண்டரில் வாய்ச்சண்டை போடாதீர்கள். பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். மறுத்தால், “கவுண்டரில் பணம் தர மறுத்த காரணத்தை எழுத்தில் தரவும், 70 வயது கடந்தவருக்கான வீட்டுச் சேவையில் என்னைச் சேர்க்கவும்” என்று மேனேஜருக்கு இரண்டு வரிக் கடிதம், இரண்டு நகலாக. ஒரு நகலில் தேதியும் சீலும் வாங்காமல் வராதீர்கள். சீல் கேட்டவுடனேயே பல இடங்களில் பணம் வந்துவிடும். வராவிட்டால், முப்பது நாள் கழித்து ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) அந்த நகலோடு எழுதுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. எப்படி எழுதுவது என்று 14448இல் கேட்கலாம்.

மாற்றம் எல்லாமே உங்களை ஒதுக்கிவிட்டது என்பது போலக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை விட்டுவிட்டீர்கள். வருஷா வருஷம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க பென்ஷன்காரர்கள் அலுவலகத்தில் வரிசையில் நின்றார்களே, இப்போது தபால்காரரே சிறு கட்டணத்துக்கு வீட்டுக்கு வந்து வாழ்வுச் சான்றை முடித்துக் கொடுக்கிறார். அவர் கையில் இருப்பதும் ஒரு செல்போன்தான். இந்த வருஷம் மஸ்டரிங் மாதம் (வாழ்வுச் சான்று தர வேண்டிய மாதம்) பிறந்ததும் உங்கள் பகுதித் தபால் நிலையத்தில் பெயர் கொடுத்துவையுங்கள், ஆதார், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) எண், பென்ஷன் கணக்கு எண் மூன்றையும் கையில் வைத்திருங்கள். விரல் ரேகை தேய்ந்து மெஷினில் விழாவிட்டால் முகத்தை வைத்துச் செய்யும் வழி இருக்கிறது, அதைக் கேளுங்கள்.