சண்டை என்று எழுதினால் எந்தச் சண்டை?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பூர்வீக வீட்டின் ஒரு பகுதியைத் தங்கும் விடுதியாக மாற்ற இவர் தரப்புக்கு ஆசை. சித்தப்பா சம்மதிக்கவில்லை. போன மாதம் வீட்டு முகப்பில் பேச்சு முற்றி, யாரோ யாருடைய தோளையோ தள்ளிவிட்டார்கள். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த பெரியப்பா மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் ஆங்கிலத்தில் மெயில் போட்டிருக்கிறார்: ‘சித்தப்பா இஸ் ஃபைட்டிங் வித் அஸ் ஃபார் தி ஹவுஸ். ஹீ பீட் மை பிரதர். அவர் பார்ட்னர்ஸ் ஆர் ஆல்சோ ஃபைட்டிங்.’ அரைமணி நேரத்தில் போன் வந்துவிட்டது. “எந்த ஆஸ்பத்திரி? யார் அந்தப் பார்ட்னர்ஸ்? என்னைக் கேட்காமல் யாரோடு பிசினஸ் ஆரம்பித்தீர்கள்?”

“எல்லாவற்றுக்கும் ஃபைட் என்றே எழுதுகிறேன். குவாரல், டிஸ்ப்யூட், கான்ஃப்ளிக்ட், க்ளாஷ் இவற்றில் எதை எங்கே போடுவது?” என்பது அவர் கேள்வி.

பெட்டிஷனும் குடும்பக் கடிதமும் இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்தே காலம் தள்ளுகிறவன் என்பதால் சொல்கிறேன், கோளாறு உங்கள் ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. மெயில் எழுத உட்காரும்போதே மனசுக்குள் ‘சண்டை’ என்ற ஒரே சொல்லோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். இதே விஷயத்தை வீட்டு ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள். “சண்டையெல்லாம் ஒண்ணுமில்லப்பா, ஒரு மனத்தாங்கல்” என்பார். அல்லது வாய்த்தகராறு என்பார், தள்ளுமுள்ளு என்பார், அவுக வீட்டோட பேச்சுவார்த்தை இல்லை என்பார். அப்படித் தமிழில் சரியான சொல் கைக்கு வந்துவிட்டால் ஆங்கிலச் சொல் பின்னாலேயே வந்துவிடும். சண்டையிலிருந்து நேராக அகராதிக்குப் போனால் அது ஃபைட்டைத்தான் நீட்டும்.

வாயோடு நின்றதா, கை நீண்டதா என்பதை முதலில் பாருங்கள். ஃபைட் என்று படித்ததும் பலருக்குக் கைதான் கண்ணில் தெரியும். பேச்சோடு நின்றது என்றால் ஆர்க்யுமென்ட். அதில் கோபமும் தொண்டை கிழியக் கத்தலும் சேர்ந்தால் குவாரல். லத்தீனில் இந்தச் சொல்லின் வேர் முறையீடு, குறைசொல்லல் என்றுதான் பொருள்படும், அடி உதை அதில் கிடையாது. பத்திரிகை, போலீஸ் நடையில் ஆல்டர்கேஷன் என்று எழுதுவார்கள். நம் வாய்த்தகராறுக்குச் சரியான சட்டை போட்ட வடிவம். (தகராறு என்பதே வெளியூர்ச் சரக்குதான். அரபியில் தக்ரார் என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது. எந்தக் குடும்பத் தகராறை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பொருத்தம் புரியும்.) பிள்ளைகள் ஜன்னலோரச் சீட்டுக்கு அடித்துக்கொள்வது ஸ்குவாபிள். கணவன் மனைவிக்குள் ஒருவேளைச் சாப்பாட்டு நேரம் நீடிக்கும் முறுக்கு டிஃப். ஊடலுக்கு ஆங்கிலத்தில் அதுதான் கிட்டத்தட்ட வரும், ஆனாலும் முழுசாக எட்டாது.

கை நீண்டுவிட்டால் எவ்வளவு நீண்டது என்று பார்க்க வேண்டும். உங்கள் வீட்டு முகப்பில் நடந்தது தள்ளுமுள்ளு. அதற்கு ஸ்கஃபிள் என்று அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு சொல் இருக்கிறது. கும்பலாக, சத்தமாக, ஒழுங்கில்லாமல் அடித்துக்கொள்வது ப்ரால். இரண்டு கோஷ்டி மோதிக்கொண்டால் க்ளாஷ். இந்தக் க்ளாஷுக்கு ஆளே தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தாலும் க்ளாஷ்தான்.

உங்கள் மெயிலில் அதிகக் கெடுதல் செய்தது ‘பீட்’. தமிழில் ‘அடித்தான்’ என்பது ஒரு தட்டிலிருந்து எலும்பு முறிவு வரை எல்லாவற்றையும் தாங்கும். ஆங்கிலத்தில் ஒருமுறை அடித்தால் ஹிட், அறைந்தால் ஸ்லாப், விடாமல் போட்டுச் சாத்தினால்தான் பீட். (கேரம் போர்டில் ஜெயித்தாலும் பீட் என்பார்கள், அது வேறு குழப்பம்.) தோளைத் தள்ளியதற்கு புஷ் போதும்; கோபத்தோடு என்று காட்ட வேண்டுமானால் ஷவ்.

‘குத்து’ இதைவிட ஆபத்து. கையால் குத்தினால் பஞ்ச், கத்தியால் என்றால் ஸ்டேப், முள் என்றால் ப்ரிக், மாடு என்றால் கோர். பொங்கல் சமயத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய் மாடு குத்திய ஒருவரைப் பற்றி ‘ஸ்டேப்டு பை எ புல்’ என்று எழுதிய விடுப்பு விண்ணப்பம் ஒன்றை நானே திருத்தியிருக்கிறேன். காளை கத்தி எடுத்ததுபோல இருந்தது. அப்புறம், மஞ்சுவிரட்டைப் புல்ஃபைட் என்று எழுதாதீர்கள். படிக்கிற வெளிநாட்டுக்காரர் ஸ்பெயினில் வாளால் காளையைக் கொல்வதை நினைத்துக்கொள்வார்.

திட்டினார் என்பதற்கு நம்மவர்கள் போடும் ஸ்கோல்டும் சரிப்படாது. பெரியவர் சின்னப்பிள்ளையைக் கண்டிக்கிற சொல் அது. சித்தப்பா உங்களை ஸ்கோல்ட் பண்ணினார் என்றால் உங்களுக்குப் பத்து வயது ஆகிவிடும். ‘ஷௌட்டட் அட் மீ’ போதும். கெட்ட வார்த்தை சொன்னார் என்றால் ‘வெர்பலி அப்யூஸ்டு’. வெறும் அப்யூஸ் என்று விட்டால் வெளிநாட்டில் அதை வேறு பெரிய குற்றமாகப் படிப்பார்கள்.

சரி, ‘ஃபைட்டிங் வித் அஸ்’ விவகாரம். ஃபைட் வித் என்றால் எதிர்த்துச் சண்டை போடுவது. நம் பக்கம் நின்று சண்டை போடுவதும் அதேதான். உங்கள் பெரியப்பா மகன், சித்தப்பா உங்களுக்காக யாரோடோ மல்லுக்கட்டுகிறார் என்று முதலில் புரிந்துகொண்டிருந்தாலும் தப்பில்லை. எதிர்த்து என்றால் ஃபைட் அகெய்ன்ஸ்ட். ஆனால் இங்கே ஃபைட்டே வேண்டாம். ஒரு சொத்து, இரண்டு தரப்பு, தீராத விஷயம்: இதன் பெயர் டிஸ்ப்யூட். அதில் கோபம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காலையில் டிஸ்ப்யூட்டில் இருக்கிறவர்கள் மாலையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம், நம் பக்கத்தில் சாப்பிடவும் செய்கிறார்கள். கான்ஃப்ளிக்ட் இன்னும் அகலமானது. நாட்டுக்கு நாடு நடக்கும் ஆயுத மோதலும் அதுதான், ஒரே வக்கீல் இரண்டு தரப்புக்கும் ஆஜராக முடியாது என்று சொல்லும் கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்டும் அதுதான். ஃப்யூட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தலைமுறை தாண்டிய பகை.

அந்த ‘பார்ட்னர்ஸ்’. பங்காளி என்பதைப் பங்கு, பார்ட்னர் என்று பெயர்த்துவிட்டீர்கள். பார்ட்னர் தொழிலில் பங்கு உள்ளவர். வீட்டில் பங்கு உள்ளவர் கோ-ஷேரர். உறவைச் சொல்ல வேண்டுமென்றால், ஆண்வழி ரத்த உறவுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அக்னேட் என்ற சொல்லை வைத்திருக்கிறது. வக்கீலுக்கு எழுதும்போது அது உதவும். எனக்குப் பிடித்த சங்கதி ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். போட்டியாளர் என்று நாம் எழுதும் ரைவல், லத்தீன் ரிவாலிஸிலிருந்து வந்தது. ரிவுஸ் என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் பக்கத்துக்காரன்தான் ரிவாலிஸ். ஊருணித் தண்ணீரை நம்பி வாழ்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பங்கு இருப்பவன் பங்காளி, அவனோடுதான் பங்காளிக் காய்ச்சலும். ரோமாபுரியும் செட்டிநாடும் ஒரே இடத்தில் கால் இடறியிருக்கின்றன. அதற்காகச் சித்தப்பாவை ரைவல் என்று எழுதிவிடாதீர்கள். இன்றைய ஆங்கிலத்தில் அது கடைக்கும் கட்சிக்கும் ஆட்டக்காரருக்கும் போன சொல்.

எதிர்ப்பு தெரிவிக்கிறார் என்பதில் இலக்கணமும் இடறும். ‘அப்போஸ்’ பின்னால் ‘டு’ ஏற்காது, ‘அகெய்ன்ஸ்ட்’டும் ஏற்காது. ‘ஹீ அப்போஸஸ் தி பிளான்’, அவ்வளவுதான். ‘ஹீ இஸ் அப்போஸ்டு டு தி பிளான்’ என்றால் மட்டும் ‘டு’ உண்டு. ‘அப்ஜெக்ட்’டுக்கும் ‘டு’ வேண்டும். உங்கள் விஷயத்துக்கு இதெல்லாவற்றையும்விட ‘ஹி ஹேஸ் நாட் கன்சென்டட்’ நல்லது. அவர் செய்தது சம்மதிக்காததுதானே. எதிர்ப்பைக் குறிக்கும் சொல்லில் சொல்பவரின் பக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்துத் திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கம்பெனிக்காரர்களுக்கு அவர்கள் ரெபெல். நமக்கு விடுதலை வீரர்கள். ‘சித்தப்பா இஸ் கிரியேட்டிங் ப்ராப்ளம்ஸ்’ என்று நீங்கள் எழுதும்போது நடுவில் இருக்கும் பெரியப்பா மகனிடம் தீர்ப்பையும் சேர்த்து நீட்டுகிறீர்கள்.

ஒருவேளை காவல் நிலையம்வரை போனால் புகாரைத் தமிழிலேயே எழுதுங்கள், தாராளமாக ஏற்பார்கள். ஆங்கிலத்தில் எழுதித்தான் ஆவேன் என்றால் அஸால்ட் என்ற சொல்லில் கவனம். பேச்சு வழக்கில் அது தாக்குதல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 130-ஆம் பிரிவில், தாக்கப்போகிறார் என்று எதிரில் இருப்பவர் அஞ்சும்படி சைகை செய்தாலே அஸால்ட். மேலே கை படவேண்டியதில்லை. கடிநாயின் வாய்ப்பூட்டை அவிழ்க்கத் தொடங்குவதைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. வெறும் வார்த்தை மட்டும் அஸால்ட் ஆகாது. அடிபட்டு வலியோ காயமோ இருந்தால் அது ஹர்ட். பொது இடத்தில் இரண்டுபேர் அடித்துக்கொண்டு ஊர் அமைதியைக் கெடுத்தால் அஃப்ரே, பிரிவு 194. உங்கள் முகப்பு பொது இடம் இல்லை, அதனால் அந்தச் சொல்லுக்கு இங்கே வேலையில்லை. கோர்ட் என்று வந்தால் ‘ஆப்போசிட்’ என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள். ஆப்போசிட் பார்ட்டி நுகர்வோர் வழக்கில் வரும். பாகப்பிரிவினை வழக்கில் எதிர்த்தரப்பு டிஃபெண்டன்ட்.

மெயிலை இப்படித் திருத்தி அனுப்புங்கள்: ‘தேர் இஸ் எ டிஸ்ப்யூட் அமாங் தி கோ-ஷேரர்ஸ் ஓவர் தி கெஸ்ட்ஹவுஸ் பிளான். சித்தப்பா ஹேஸ் நாட் கன்சென்டட். லாஸ்ட் மன்த் தேர் வாஸ் அன் ஆர்க்யுமென்ட் அண்ட் எ பிரீஃப் ஸ்கஃபிள். நோபடி வாஸ் ஹர்ட்.’

சித்தப்பா என்பதை அப்படியே விட்டிருக்கிறேன், அங்கிள் என்று மாற்றாதீர்கள். பெரியப்பா, மாமா, அத்தை வீட்டுக்காரர் எல்லாரும் அங்கிள்தான் என்பதால், இன்னொரு போன் வரும்.