மனை வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்

கேள்வி: நிலநடுக்க அபாயம் உள்ள பகுதியில் வசிக்கிறோம். வீடு கட்ட இரண்டு மனைகளைப் பார்த்திருக்கிறோம். ஒன்று சற்றே சரிவான பாறை நிலம்; மற்றொன்று ஆற்றோரத்தில், பழைய குளத்தை மண் கொட்டி மேடாக்கிய சமதளம். நிலநடுக்கம் பிறக்கும் நிலப்பிளவிலிருந்து தள்ளியிருப்பதால் சமதளமே மேல் என்கிறார் கணவர். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: பாறை நிலத்தையே முதலில் பரிசீலியுங்கள். தூரம் மட்டும் பாதுகாப்பைத் தந்துவிடாது. 1985 செப்டம்பரில் பசிபிக் கரையோரம் உருவான நிலநடுக்கம், 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மெக்சிகோ நகரத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அந்நகரின் பெரும்பகுதி பழைய ஏரியின் களிமண் படுகையில் அமைந்திருந்ததால், அங்கே அதிர்வு பன்மடங்கு பெருகியது. கெட்டியான தரையில் இருந்த பகுதிகளிலோ சேதம் மிகக் குறைவு.

குளத்து மனையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நீர் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கும்போது, இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏறி, மணற்துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடிப்பை இழந்து, மண் கூழைப்போல் இளகிவிடும். 1964இல் ஜப்பானின் நிகாட்டா நகரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெரிதாக உடையாமலேயே அடியோடு சாய்ந்தன. அவற்றுள் ஒன்று ஏறக்குறைய படுத்தே விட்டது. அந்தப் படங்களைப் பார்த்த எவருக்கும் நிரப்பிய நிலத்தில் சாதாரண அஸ்திவாரம் போட மனம் வராது.

சரிவு நிலத்திலும் கவனம் வேண்டும். மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, சரிவில் நீர் கசிந்தாலோ, மண் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கலாம். வீட்டின் பாதி வெட்டிய தரையிலும் மீதி கொட்டிய மண்ணிலும் நிற்கும்படி அமைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரேபோல் அமிழ்வதில்லை.

எதுவானாலும் மண் பரிசோதனை செய்யுங்கள். துளைக்குள் நிறுத்திய குழாயின்மேல் 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலைச் சுமார் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 45 செ.மீ. இறங்கும்வரை அடிப்பார்கள், அதில் கடைசி 30 செ.மீ.க்கு எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்பதே அறிக்கையில் நீங்கள் தேட வேண்டிய எண். மணலில் அது 10க்கும் கீழே இருந்து, நிலத்தடி நீரும் மேலாக நின்றால், மண்ணைக் கெட்டிப்படுத்தாமலோ ஆழத்துக்குப் பைல் (வீட்டைத் தாங்கும் அடித்தூண்) இறக்காமலோ அங்கே கட்ட வேண்டாம். அறிக்கையைப் பொறியாளருடன் அமர்ந்து படித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.