வீட்டுத் தோட்டத்தில் பாலா மரம் வளர்க்கலாமா? காய்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும்?

தாராளமாக வளர்க்கலாம். கோடியக்கரைப் பக்கம் போய்ப் பழம் தின்றுவிட்டு வந்துதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாலா மரத்துக்கு உலக்கைப்பாலை என்றும் பெயர். ஆனால் நாற்றுப் பண்ணையில் வெறுமனே ‘பாலை’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் நான்கு ஆண்டுகளை வீணாக்கினேன்.

எனக்குக் கொடுத்தது வெட்பாலை. எதிரெதிராக இலை விட்டு, வெள்ளையாகப் பூத்து, நுனி ஒட்டிய இரட்டைக் காய்கள் தொங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. வெட்பாலையை நான் குறை சொல்லவில்லை. அதன் இலையை ஊறவைத்தால் தேங்காய் எண்ணெய் ஊதா நிறமாகும், சித்த மருத்துவர்கள் அதைத் தோல் நோய்க்குக் கொடுப்பார்கள். ஆனால் அது பொம்மை கடையும் மென்மரம். நான் தேடியதோ உலக்கைக்கு ஆகிற, தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடுகிற உலக்கைப்பாலை. திரும்பப் போய்ச் சொன்னதற்கு, “பாலைன்னுதானே கேட்டீங்க?” என்றார்கள். பேரில் பாலை இருந்தால் எல்லாம் ஒன்றாகிவிடுமா? ஏழிலைப்பாலையும் குடசப்பாலையும்கூடத்தான் இருக்கின்றன.

கடைசியில் பாலா மரம் நான் கேட்காமலேயே வந்தது. கிணற்றடியில் நட்டிருந்த சப்போட்டா ஒட்டுக்கன்று ஒரு கோடையில் ஒட்டுக்கு மேலே கருகிப்போக, ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு துளிர் கிளம்பியது. “ஒட்டு செத்துப்போச்சு தம்பி, பிடுங்கிட்டு வேற வைங்க” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். நான் இலையைத் திருப்பிப் பார்த்தேன்: தோல்போன்ற தடிப்பு, நுனியில் நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல் ஒரு சிறு பள்ளம். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த சப்போட்டாவை நம் ஊரில் இலுப்பைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பாலா நாற்றின் மேல்தான் பெரும்பாலும் ஒட்டுக்கட்டுகிறார்கள் என்று எப்போதோ படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. சப்போட்டா தின்கிறவர்களில் எத்தனை பேருக்கு வேரில் நிற்பது யார் என்று தெரியும்?

ஒட்டுக்கன்று வாங்கித் தலையை வெட்டிவிடச் சொல்கிறேன் என்று தோட்டக்கலை படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் தின்ற பழத்தின் கொட்டையைக் காயவிடாமல் அன்றே ஊன்றுவதுதான் எளிய வழி. பளபளவென்று இருக்கும் அந்தக் கொட்டை நாள்பட்டால் முளைப்பது அரிது.

காய்ப்புக்கு அவசரப்பட்டால் இந்த மரம் உங்களுக்கு ஒத்துவராது. என் மரம் துளிர்த்துப் பதினோராம் ஆண்டில்தான் முதல் பழம் தந்தது. இரண்டு கைப்பிடிகூடத் தேறாது, சுண்டுவிரல் நுனி அளவில் மஞ்சளாக. அன்றே தின்றால் பால் உதட்டில் ஒட்டிப் பசையாகிவிடும். ஒருநாள் நிழலில் உலர்த்தித் தின்னுங்கள், ஒட்டினால் ஒரு சொட்டு நல்லெண்ணெய் போதும்.