தடை நீக்கச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது

கேள்வி: என் அப்பா இடதுசாரி மாத இதழ் ஒன்று நடத்தினார். எமர்ஜென்சியில், 1976 மார்ச் இதழோடு அது நின்றுபோனது. வீடு மாற்றும்போது பழைய பிரதிகளும், சென்சார் நீலப் பென்சிலால் அடித்துத் திருப்பிய புரூஃப் தாள்களும் பரணில் கிடைத்தன. வெட்டப்பட்ட கட்டுரைகளையும் சேர்த்து அதே பெயரில் இதழை மறுபடி கொண்டுவர ஆசை. பாரிமுனையில் ஒரு தரகர், "அந்த டைட்டில் இன்னும் எமர்ஜென்சி தடைப் பட்டியலில் இருக்கிறது, டெல்லியில் தடை நீக்கச் சான்றிதழ் வாங்கணும், 40,000 ரூபாய் ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா?
(வாசகி, திருவல்லிக்கேணி)

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். அப்படி ஒரு பட்டியலும் இல்லை, சான்றிதழும் இல்லை.

நடந்தது இதுதான். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. மறுநாளே தணிக்கை உத்தரவு. தமிழ்நாட்டில் அப்போது தி.மு.க. ஆட்சி என்பதால் முதல் ஏழு மாதம் இங்கே பிடி கொஞ்சம் தளர்வாகவே இருந்தது. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சியைக் கலைத்தார்கள். அதற்குப் பிறகுதான் கெடுபிடி. கைதானவர்களின் பெயரைப் போட முடியாமல், பிப்ரவரி 3 அன்று 'அண்ணா சமாதிக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள்' என்று முரசொலி பட்டியல் போட்டது இந்தக் கட்டத்தில்தான். உங்கள் அப்பாவின் இதழ் மார்ச்சில் நின்றது இதோடு அப்படியே பொருந்துகிறது. பெரும்பாலும் அவர் இதழை யாரும் தனியாகத் தடை செய்திருக்க மாட்டார்கள். பக்கம் பக்கமாக அடித்து அனுப்பினால் சின்னப் பத்திரிகைக்காரர் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? காகிதக் கடனும் அச்சகக் கூலியும் போதும், இழுத்து மூட.

நெருக்கடி நிலை 1977 மார்ச் 21 அன்று விலக்கப்பட்டது. அதோடு தணிக்கைக்கும் வேலை முடிந்தது. 'ஆட்சேபகரமான' எழுத்தைத் தடுக்கக் கொண்டுவந்த 1976ஆம் வருடச் சட்டத்தையும் புது அரசு 1977இலேயே ரத்து செய்துவிட்டது. அடித்த பென்சிலுக்கு அதிகாரம் கொடுத்த சட்டமே இல்லை என்றால், அந்தக் கோட்டை இன்று யார் அழிக்க வேண்டும்? அந்தக் கட்டுரைகளைத் தாராளமாக அச்சிடலாம்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. இதை நிதானமாகப் படியுங்கள். தணிக்கை வேறு, பறிமுதல் வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 95ஆம் பிரிவில் (இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 98) ஒரு குறிப்பிட்ட இதழையோ புத்தகத்தையோ பறிமுதல் செய்வதாக மாநில அரசு அறிவிக்கலாம். இதற்கும் எமர்ஜென்சிக்கும் சம்பந்தமில்லை. ஆகவே எமர்ஜென்சி போனதும் இது தானாகப் போய்விடாது. ஆனால் அதை யாரோ காதில் சொல்லிச் செய்ய முடியாது. காரணத்தை எழுதி, அறிவிக்கையாக வெளியிட்டாக வேண்டும். அதனால் அப்பாவின் இதழ் ஏதாவது அப்படிப் பறிமுதலானதா என்று நீங்களே பார்த்துவிடலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1975 முதல் 1977 வரையிலான அரசிதழ்த் தொகுதிகளைக் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் தூசி தின்ன வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அறிவிக்கை இருந்தால்கூட அது அந்த ஓர் இதழைத்தான் கட்டும். பத்திரிகையின் பெயரைக் கட்டாது. அந்த இதழில் வந்ததை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் மறுபடி அச்சிடாதீர்கள். அறிவிக்கை எதுவும் இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

அப்புறம், டைட்டில். 2024 மார்ச் 1 முதல் புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1867ஆம் வருடத்துச் சட்டம் போய், பத்திரிகைகள் மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், 2023 வந்திருக்கிறது. முன்புபோல் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று டிக்ளரேஷன் கொடுக்க வேண்டாம். பிரஸ் சேவா போர்ட்டல் என்ற மத்திய அரசின் பதிவு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணமும் அங்கேயே. உங்களுக்கு உண்மையான இடைஞ்சல் ஒன்றுதான்: இந்த ஐம்பது வருடத்தில் வேறு யாராவது அதே பெயரைப் பதிந்திருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். மாவட்ட அதிகாரி 60 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். சட்டம் சொல்கிறது, ஃபைல் கேட்க வேண்டுமே. "மேடம் மீட்டிங்கில் இருக்காங்க" என்ற பதிலுக்கு நாலைந்து நடை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கொள்கை குறுக்கே நிற்குமா என்றும் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் கொள்கைக்குக் கட்டம் கிடையாது. பயங்கரவாதச் செயலுக்காகவோ சட்டவிரோத நடவடிக்கைக்காகவோ தண்டனை பெற்றவர் வெளியீட்டாளராக முடியாது. அது உங்களைப் பற்றிய கேள்வி, அப்பாவைப் பற்றியது அல்ல. அவர் எமர்ஜென்சியில் மிசா சட்டத்தில் உள்ளே இருந்திருந்தாலும் அது விசாரணை இல்லாமல் வைக்கும் தடுப்புக் காவல்தான், தண்டனை அல்ல. இதையும் தரகர்கள் குழப்பிக் காசாக்குகிறார்கள்.

என்னிடம் வந்த ஒருவர் ஏற்கெனவே அந்தச் 'சான்றிதழை' வாங்கிவிட்டிருந்தார். கெட்டித் தாள், மூன்று சிங்கம் கொஞ்சம் சாய்ந்து, கீழே ஊதா ரப்பர் ஸ்டாம்ப். கையெழுத்துக்குக் கீழே பதவி இருந்தது, பெயர் இல்லை. தேதியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதே ஆட்கள் அடுத்து உங்களிடம் 'பிரஸ்' கார்டும் வண்டிக்கு ஸ்டிக்கரும் விற்க வருவார்கள். "பதிந்த டைட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது, உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறேன்" என்பார்கள். பெயரை மாற்றிய பிறகு பழைய உரிமையாளரின் அண்ணன் கோர்ட்டுக்குப் போவார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்லுங்கள்: வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். மறுபடி அச்சிட்டால் அது புது வெளியீடு. அவதூறு வழக்கும் புதிதாகத்தான் வரும். கட்டுரையில் திட்டப்பட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் அதிகாரியாக இருந்தால் வெளியீட்டுக்கு முன்பே நிறுத்த முடியாது என்று நக்கீரன் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வெளிவந்த பிறகு வழக்குப் போடலாம். சென்சார் போய்ப் பத்து வருடம் கழித்து, 1987இல், ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியரை நம் சட்டசபையே சிறைக்கு அனுப்பியது. ஆகவே 'எல்லாம் 1977இலேயே சரியாகிவிட்டது' என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியவர்களின் வாரிசுகளிடம் அனுமதிக் கடிதமும் வாங்கிவிடுங்கள். காப்புரிமை, எழுதியவர் இறந்து 60 வருடம் வரை உண்டு.

கடைசியாக, அந்த புரூஃப் தாள்கள். தரகரிடமோ ஜெராக்ஸ் கடையிலோ விட்டுவிட்டு வராதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். பழைய காகிதம் சூட்டில் பாழாகிவிடும். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கிறார்கள். முதலில் அங்கே போன் செய்யுங்கள்.