கடனுக்கு முற்பணம் கேட்பவரை நம்பலாமா?

கேள்வி: நிரந்தர வதிவிட உரிமையோடு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வந்து எட்டு மாதம். முழுநேர வேலை இருக்கிறது. கார் வாங்க வங்கியில் கடன் கேட்டேன். 'கிரெடிட் ஹிஸ்டரி இல்லை' என்று மறுத்துவிட்டார்கள். தெரிந்த ஒருவர் 600 டொலர் முதலில் தந்தால் கடன் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இப்படிப்பட்ட கடனுக்கு, காசு உங்கள் கைக்கு வரும் முன்பே கட்டணம் கேட்பது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். புரோசசிங், காப்புறுதி, முதல் மாதத் தவணை என்று எந்தப் பெயர் சொன்னாலும் அதேதான். நம் மொழி பேசுகிறார், ஊர்க்காரர் என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது. உங்கள் சின் இலக்கமும் (அரசு தரும் சமூகக் காப்புறுதி இலக்கம்) சாரதி அனுமதிப்பத்திரப் படமும் கிடைத்தால், உங்கள் பெயரிலேயே வேறிடத்தில் கடன் எடுத்துவிடுவார்கள். சம்பளத்தைக் கூட்டிக் கடிதம் செய்து தருகிறேன் என்பார்கள்; பிடிபட்டால் விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

வங்கி மறுத்தது நீங்கள் மோசமானவர் என்பதால் அல்ல. எக்குவிபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள், யார் எப்படிக் கடன் கட்டுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கும் கோப்பில் உங்களைப் பற்றி எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஊரில் பதினைந்து வருடம் தவறாமல் தவணை கட்டியிருந்தாலும் இங்கே பெரும்பாலும் எடுபடாது. தகுதி பார்த்துக் கூப்பிட்ட நாடு, வந்தவரைப் பூச்சியத்தில் நிறுத்துவது அநியாயம்.

வங்கிக்குத் திரும்பப் போய், 'புதிதாக வந்தோருக்கான திட்டத்தில் கார்க் கடன் இருக்கிறதா?' என்று நேராகக் கேளுங்கள். பெரிய வங்கிகளில் அப்படித் திட்டங்கள் உண்டு. கேட்காவிட்டால் வங்கிக்காரர் பலர் வாயே திறப்பதில்லை. அதுவும் சரிவராவிட்டால் வைப்புப் பணம் கட்டி எடுக்கும் கடனட்டை. 500 டொலர் கட்டினால் பொதுவாக அதுவே அட்டையின் செலவு எல்லை. மாதம் 100, 150 டொலருக்குச் சாமான் வாங்கி, கட்டவேண்டிய திகதிக்கு முன் முழுவதையும் கட்டுங்கள்; அப்படித்தான் கோப்பில் நல்ல பதிவு சேரும். இடையில் கண்ட கண்ட இடமெல்லாம் கடனுக்கு விண்ணப்பம் போடாதீர்கள், கோப்பை வைத்துப் போடும் ஸ்கோர் (மதிப்பெண்) இறங்கும்.

ஆண்டு வட்டி 35 வீதத்தைத் தாண்டினால் குற்றம் என்று 2025 ஜனவரி 1 முதல் சட்டம் இருக்கிறது. அதை நம்பி, அடுத்த சம்பளம் வரை சிறு கடன் தரும் பேடே லோன் கடைக்குள் நுழைந்துவிடாதீர்கள், அதற்கு இந்த எல்லை கிடையாது. கடன் தரும் 100 டொலருக்கு அவர்கள் 14 டொலர் வரை கட்டணம் வாங்கலாம். சின்னக் காசாகத் தெரியும். 500 எடுத்தால் அடுத்த சம்பளத்தில் 570 போகும், வாடகைக்குக் குறையும், மறுபடி எடுப்பீர்கள். இரண்டு வாரத்துக்கு 14 வீதம் என்றால் வருடத்துக்கு 364 வீதம். ஏழையின் கடனுக்கு இந்தச் சலுகையை விட்டுவைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அந்த ஆளிடம் ஏற்கெனவே சின் இலக்கம் கொடுத்திருந்தால், இன்றே இரண்டு நிறுவனங்களிலும் உங்கள் அறிக்கையை இலவசமாக எடுத்துப் பாருங்கள். நீங்கள் கேட்காத கடன் ஏதாவது இருந்தால் உடனே அவர்களுக்கு அறிவித்து, கோப்பில் மோசடி எச்சரிக்கை போடச் சொல்லுங்கள், பொலிசிலும் முறையிடுங்கள்.