கேசட் வீடியோ புது லேப்டாப்பில் ஏறவில்லையா? கராஜில் இருக்கும் பழைய கணினியை எடுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 2004இல் வாங்கிய சோனி ஹேண்டிகேமும் பதினொரு மினிடிவி கேசட்டும் இருக்கின்றன. தைப்பூசக் காவடி, மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தது, ஆயா (பாட்டி) தமிழில் பேசியது எல்லாம் அவற்றில்தான். புது லேப்டாப்பில் யுஎஸ்பி கேபிளைச் செருகினால் போட்டோ மட்டும் தெரிகிறது. ஆன்லைனில் வாங்கிய ஃபயர்வயர்–யுஎஸ்பி கேபிளிலும் ஒன்றும் வரவில்லை. முன்பு பழைய கணினியில் ஏற்றிய இரண்டு வீடியோக்களில் ஒன்றில் யாராவது அசைந்தால் கோடு கோடாகத் தெரிகிறது, இன்னொன்றில் சத்தமே இல்லை. பழைய கணினி கராஜில் கிடக்கிறது. லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். லேப்டாப்பிலும் கேமராவிலும் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டும் பேசிக்கொள்ள வேண்டிய வாசல்தான் வேறு.

அந்தக் காலத்து மினிடிவி கேமராக்களில் யுஎஸ்பி துளை பெரும்பாலும் மெமரி கார்டில் உள்ள போட்டோவை எடுக்க வைத்தது. சில மாடல்களில் அதன் வழியாக வீடியோவும் வரும், ஆனால் சின்னதாக, மங்கலாகத்தான் வரும். கேசட்டில் உள்ளது முழுமையாக வெளியே வருவது இன்னொரு துளை வழியாக. நான்கு முள் கொண்ட சின்னத் துளை அது. சோனியில் ‘ஐ.லிங்க்’ என்றோ ‘டிவி’ என்றோ எழுதியிருக்கும். (இந்த டிவி டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம். தொலைக்காட்சிக்குப் போகிற துளை வேறு.) இதுதான் ஃபயர்வயர். கேசட்டில் பதிந்த எண்களை மாற்றாமல் அப்படியே கணினிக்குக் கொண்டுவருவது இதன் அருமை.

நீங்கள் வாங்கிய கேபிளைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். ஃபயர்வயரும் யுஎஸ்பியும் தரவு அனுப்பும் முறையே வேறு. இரண்டு முனையையும் வெறும் கம்பியால் இணைத்துவிட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பழைய கணினிகளின் ஆறு முள் ஃபயர்வயர் துளையில் மின்சாரமும் வரும், அது யுஎஸ்பியின் 5 வோல்ட்டைவிட அதிகம். அந்தத் துளையில் இந்தக் கேபிளைச் செருகிப் பார்க்காதீர்கள், கருவி பழுதாகலாம்.

சரி, என்ன செய்யலாம்? முன்பு ஏற்றிய வீடியோ ஃபைலின் அளவைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு 200 எம்பிக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் அது ஃபயர்வயரில்தான் ஏறியிருக்கிறது. அப்படியானால் உங்களுக்கு வேண்டிய கருவி கராஜிலேயே இருக்கிறது. டர்பன் ஈரத்தில் கிடந்த பெட்டி என்பதால் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். வீட்டுக்குள் இரண்டு நாள் வைத்து, தூசியை ஊதிவிட்டு அப்புறம் போடுங்கள். அது உயிரோடு இல்லாவிட்டால், ஃபயர்வயர் துளை உள்ள பழைய லேப்டாப்பைச் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். மேசைக் கணினி என்றால் ஒரு ஃபயர்வயர் கார்டு போட்டால் போதும். மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2025இல் வந்த மேக்ஓஎஸ் தஹோவில் ஃபயர்வயர் ஆதரவே இல்லை.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளோடு யுஎஸ்பியில் செருகும் சின்னக் கருவியைக் கடைக்காரர் காட்டுவார். அதுவும் வேலை செய்யும். ஆனால் டிஜிட்டலாக இருப்பதை அனலாகாக்கி, மறுபடி டிஜிட்டலாக்கும், தெளிவு குறையும். கேமராவின் ஐ.லிங்க் துளை செத்துப்போயிருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை, கேமராவில் போடவே கூடாது. ஒரு கேசட்டில் உள்ள பூஞ்சை கேமராவின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பகுதியில்) ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதைத் தனியாக வைத்து, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டுகளில் முதுகுப் பக்கம் உள்ள சின்னத் தாழ்ப்பாளை ‘சேவ்’ பக்கம் தள்ளிவிடுங்கள், தவறிக்கூட மேலே பதிய முடியாது. பிறகு ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த டேப் இதில் தளர்ந்து சீராகும். ஓடும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தால் ஹெட் அழுக்காக இருக்கலாம். கிளீனிங் கேசட்டைப் பத்து வினாடிக்கு மேல் ஓட்டாதீர்கள், அது ஹெட்டையும் தேய்க்கும்.

கேமராவைப் பழைய பேட்டரியில் ஓட்டாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) அறிவித்த நாள் என்றால் அட்டவணையைப் பார்த்துத் தொடங்குங்கள். விண்டோஸில் நான் சொல்வது வின்டிவி (WinDV) என்ற இலவச மென்பொருள், சின்னது, எதையும் சுருக்காது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும், பதினொன்றுக்கும் 150 ஜிபியை ஒதுக்குங்கள். ஹார்ட் டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, இருபது நிமிடத்துக்குள் பதிவு நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்து மாற்றினால் டிஸ்க்கில் உள்ளது அழியும், ஏற்கனவே ஏற்றிய இரண்டையும் முதலில் வேறிடத்தில் வையுங்கள்.

அந்த இரண்டு வீடியோவும் கெட்டுப்போனவை அல்ல என்றே நினைக்கிறேன். கோடு விழுவது இன்டர்லேஸ் முறையால். அந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று பதிகிறது. விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருளில் வீடியோ மெனுவுக்குப் போய் டீஇன்டர்லேஸை ஆன் செய்யுங்கள். சத்தம் வராத ஃபைல் ‘டைப் 1’ என்ற வகை ஏவிஐ வீடியோ ஃபைலாக இருக்கலாம். அதில் ஒலியும் படமும் ஒரே ஓடையில் இருக்கும், சில மென்பொருள்களுக்குப் பிரிக்கத் தெரியாது. அதையும் விஎல்சியில் திறந்து பாருங்கள். இனி ஏற்றும்போது வின்டிவியில் ‘டைப் 2’வைத் தேர்ந்தெடுங்கள்.

ஏற்றிய ஃபைலை உடனே சுருக்கிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி4 பிரதி எடுங்கள், மூல ஃபைல் இரண்டு தனித்தனி டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில். நம் வீடுகளில் ஆயாக்கள் பேசிய தமிழ் அடுத்த தலைமுறை வாயில் அதிகம் இல்லை. காவடியை அடுத்த வருஷமும் படம் எடுக்கலாம், அந்தப் பேச்சை மறுபடி எடுக்க முடியாது.

அதனால் முதலில் போனால் போகட்டும் என்று நினைக்கிற ஒரு கேசட்டை ஓட்டி, கேமரா டேப்பைக் கடிக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். அது நன்றாக வந்தால் இரண்டாவதாகப் போட வேண்டியது ஆயாவின் கேசட்.