புது ராப்பருக்கு முதல் மியூசிக் வீடியோ: ஒரே நாள், ஒரே கேமரா இருந்தால் எப்படித் திட்டமிடுவது?

நண்பர் ராப் பாடுகிறார், முதல் பாட்டு ரெடி, கையில் ஒரு கேமராவும் ஒரு நாளும் கூட நிற்க நாலைந்து பேரும் இருக்கிறார்கள், வீடியோவுக்குக் கதை எப்படி யோசிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் முதல் வீடியோவுக்குக் கதையே வேண்டாம்.

ஏன் என்றால், அவர் யார் என்றே இன்னும் யாருக்கும் தெரியாது. வீடியோ முடியும்போது பார்த்தவருக்கு அந்த முகமும் குரலும் சேர்ந்து மனதில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கதை வைத்தால் பாதி நேரம் நடிக்கத் தெரியாத நண்பர்கள் ஃப்ரேமில் இருப்பார்கள், பாடுகிறவர் தன் பாட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவார். வரியில் 'மழை' என்று வந்தால் மழையைக் காட்டுவது, 'அம்மா' என்று வந்தால் ஒரு அம்மாவை உட்கார வைப்பது எல்லாம் இன்னும் மோசம். சொல்ல வேண்டியதை வரியே சொல்லிவிட்டது, படமும் அதையே ஒப்பிக்க வேண்டாம்.

முதலில் பாட்டைப் பூட்டுங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை 92 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 92 தாளத் தட்டு) இருந்த பாட்டுக்கு நாள் முழுக்க ஷூட் செய்தோம், அப்புறம் ஃபைனல் மிக்ஸில் "கொஞ்சம் வேகம் இருந்தால் நன்றாக இருக்கும்" என்று 95 ஆக்கிவிட்டார்கள். கேட்க மூன்றே எண்தான், ஆனால் மூன்று நிமிடப் பாட்டில் அது கிட்டத்தட்ட ஆறு வினாடி. ஒரு உதடும் ஒரு வார்த்தையும் பொருந்தவில்லை. துண்டு துண்டாக வெட்டி ஒட்டியே எடிட்டருக்கு இரண்டு வாரம் போனது. வேகம், வரிகள், இடைவெளி, இவை இனி மாறாது என்று பாடுகிறவரும் மிக்ஸ் செய்கிறவரும் சொன்ன பிறகுதான் தேதி குறிக்க வேண்டும். பேஸ் (கனமான அடித்தொனி) சத்தத்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் பிறகு நடக்கட்டும், பிரச்சினை இல்லை.

அப்புறம் பேப்பரை எடுத்து பாட்டை பார் பாராக எழுதுங்கள், ஒரு பாருக்கு ஒரு வரி. 90 பிபிஎம் பாட்டு, வினாடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு பீட்டுக்கு, அதாவது ஒரு தட்டுக்கு, சரியாக 16 ஃப்ரேம், நாலு பீட் சேர்ந்த ஒரு பாருக்கு 64 ஃப்ரேம், அதாவது சுமார் 2.7 வினாடி. 16 பார் வெர்ஸ் (சரணம் மாதிரி) என்றால் ஏறக்குறைய 43 வினாடி. இந்தக் கணக்கு கையில் இருந்தால் எந்த ஷாட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஷூட்டுக்கு முன்பே தெரிந்துவிடும். என் பழக்கம், வார்த்தை அடர்த்தியாக ஓடும் இடத்தில் வெட்டாமல் நீளமாக விடுவது, ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) வந்ததும் வேகமாக வெட்டுவது. நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். வேகமான ஃப்ளோவுக்கு வேகமான கட் வைத்தால் அவர் மூச்சு விடாமல் பாடுகிறார் என்பதே தெரியாமல் போய்விடும், அதுதானே பார்க்க வேண்டிய வித்தை!

மூச்சு என்றதும் இன்னொன்று. ஸ்டுடியோவில் வரியைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டியிருப்பார்கள், ஒரு வரி முடியும் முன் அடுத்தது ஆரம்பித்துவிடும். கேமரா முன் ஒரே மூச்சில் அதை அவரால் பாட முடியாது, உதடு பின்தங்கும். ஒரு வாரமாவது பாட்டை முழுசாக, நின்றுகொண்டு, கையை ஆட்டிக்கொண்டு பாடிப் பழகச் சொல்லுங்கள். ஷூட்டில் வாயை மட்டும் அசைக்கக் கூடாது, சத்தமாகவே பாட வேண்டும், கழுத்து நரம்பு பொய் சொல்லாது. ஷூட்டில் ஸ்பீக்கரில் ஓடும் பிளேபேக் டிராக்கின் தொடக்கத்தில் நாலு பீப் சேர்த்துவிடுங்கள், முதல் வார்த்தையைத் தவறவிட மாட்டார். கேமரா மைக்கை அணைக்காதீர்கள், அந்தச் சத்தம் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் எடிட்டில் பாட்டோடு பொருத்த அதுதான் உதவும்.

ஸ்லோ மோஷனில் உதடு பொருந்தி வர ஒரு எளிய வழி: 48 ஃப்ரேமில் எடுங்கள், ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விடுங்கள், பிறகு 24இல் ஓட்டினால் உடல் மெதுவாக நகரும், வாய் பாட்டோடு போகும். ஆனால் வெர்ஸை இரட்டை வேகத்தில் யாராலும் பாட முடியாது, ஹூக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெர்ஸுக்கும் கொஞ்சம் கனம் வேண்டும் என்றால் 30 ஃப்ரேம், பாட்டு 1.25 மடங்கு. வித்தியாசம் வெளியே தெரியாது, நடை மட்டும் கெத்தாக இருக்கும்.

லொக்கேஷன் இரண்டு போதும், மூன்று வைத்தால் மூன்றாவது இடத்தில் வெளிச்சம் போய்விடும். ஒவ்வொரு இடத்திலும் முழுப் பாட்டையும் தொடக்கம் முதல் கடைசி வரை பாட வைத்து, குளோஸ், மிட், வைட் என்று தனித்தனியாக எடுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் எடிட்டில் எந்த வரிக்கும் கையில் மூன்று நாலு வழி இருக்கும். சூரியன் சாயும் நேரத்தை வைட் ஷாட்டுக்கு ஒதுக்குங்கள், குளோஸப்பை நிழலில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 90களில் அமெரிக்க மியூசிக் வீடியோ இயக்குநர் ஹைப் வில்லியம்ஸ் தன் வீடியோக்களில் ஃபிஷ் ஐ லென்ஸை (படத்தை உருண்டையாக வளைத்துக் காட்டும் மிக அகலமான லென்ஸ்) முகத்துக்கு அருகில் வைத்தே ஒரு பாணியை உருவாக்கினார். உங்களிடம் அந்த லென்ஸ் இல்லாவிட்டாலும் கிட்டப் போகலாம், யாரும் தடுக்கவில்லை.

சட்டையில் நெருக்கமான கோடு வேண்டாம், திரையில் அலை அலையாக மின்னும். பெரிய பிராண்ட் லோகோவும் வேண்டாம். பொம்மைத் துப்பாக்கி யோசனை யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது, போலீஸ் வந்தால் மொத்த நாளும் போச்சு.

செங்குத்துக் கிளிப்புகளையும் இப்போதே யோசித்துவிடுங்கள். முகத்தை ஃப்ரேமின் நடுவில் வைத்து எடுத்தால் 16:9 படத்தை 9:16 ஆக வெட்டலாம். ஹூக்கை மட்டும் போனைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு டேக் தனியாக எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக, பீட், அதாவது அவர் பாடும் பின்னணி இசை, யாருடையது? இணையத்தில் லீஸுக்கு வாங்கியது என்றால் அந்த ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்கள். பாட்டு வெளியிட மட்டும் அனுமதி கொடுத்து, வீடியோவுக்கோ அதில் வரும் விளம்பர வருமானத்துக்கோ வரம்பு போட்டிருப்பார்கள். இலவச பீட் என்றால் இன்னும் கவனம், பெரும்பாலும் வருமானம் எடுக்காத பயன்பாட்டுக்கு மட்டும்தான் அது இலவசம். ஷூட்டுக்கு முன்பே பீட் செய்தவருக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீடியோ ஏறி கொஞ்சம் பார்வை வந்த பிறகு கேட்டால் விலை வேறு மாதிரி இருக்கும்.